மருந்து அல்ல, விஷம்

நம்ம ஊரில் ஒரு சொல்லோடு எனக்குப் பல வருஷமாகத் தகராறு. அந்தச் சொல் 'மருந்து'.

"தென்னைக்கு மருந்து வச்சாச்சா?" என்று கேட்கிறோம். "மச்சான் கத்தரிக்கு மருந்தடிக்கப் போயிருக்காரு" என்கிறோம். அதே வாயால், தெருக்கோடி வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டால், "பாவம், மருந்தக் குடிச்சிருச்சாம்" என்றும் சொல்கிறோம். மூன்று இடத்திலும் ஒரே சொல்தான். பல நேரம் பாட்டிலும் ஒன்றுதான்.

நான் கிராம நிர்வாக அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். தேவாரத்தைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் கம்பம் பக்கத்திலுமாக 27 வருஷம் ஓடியது. அடங்கல் எழுதுவது, சான்று கொடுப்பது போக, இறப்புப் பதிவேடும் என் கையில் இருந்தது. இப்படிப் போனவர்களுக்கு ஏட்டில் 'விஷம் அருந்தி' என்றுதான் எழுதுவோம். எழுதி முடித்து வெளியே வந்தால் திண்ணையில் இருப்பவர்கள் 'மருந்து குடித்து' என்று பேசிக்கொண்டிருப்பார்கள். அரசாங்க ஏட்டில் எத்தனையோ பிழைகள் உண்டு. இந்த ஒரு விஷயத்தில் ஏடுதான் சரி, ஊர்தான் தப்பு.

வயிற்றுப் பிழைப்புக்காகத் திராட்சை, வாழை, தக்காளி போடுகிறவர்களோடு இன்றைக்கு நான் சண்டைக்குப் போகவில்லை. கடன் வாங்கிப் போட்ட வெள்ளாமை கண்ணெதிரே பழுத்துப் போகும்போது கையில் கிடைத்ததை அடிக்கிறவனின் நெருக்கடி வேறு. அதைத் தனியாகப் பேச வேண்டும். என் சண்டை நம்மோடுதான். பென்ஷன் வாங்கிக்கொண்டு, வீட்டுக் கொல்லையில் நாலு தென்னை, ஒரு எலுமிச்சை, ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, இரண்டு ரோஜாச் செடி வைத்திருக்கிற நம்மோடு. நமக்கு இந்தக் கொல்லை நட்டப்பட்டால் என்ன குடி முழுகிவிடும்? பத்துத் தேங்காய் குறையும். அந்தப் பத்துத் தேங்காய்க்காக வீட்டுக்குள் விஷத்தைக் கொண்டுவந்து வைக்கிறோமே, அது எந்த ஊர்க் கணக்கு?

மனுஷனுக்கு மருந்து என்றால் அதற்கு ஒரு முறை இருக்கிறது. டாக்டர் பார்க்கிறார், சீட்டு எழுதுகிறார், கடைக்காரர் கொடுக்கிறார். தென்னைக்கு அப்படி இல்லை. ஒரு மட்டையை ஒடித்துக்கொண்டு கடைக்குப் போகிறோம். கல்லாவில் இருப்பவர் மட்டையைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதை வேர்ல கட்டிருங்க சார், சரியாப் போயிரும்" என்று ஒரு பாட்டிலை எடுத்து வைக்கிறார். நோயைச் சொல்கிறவரும் அவரே, சரக்கை விற்கிறவரும் அவரே. நம் பிரஷர் மாத்திரையை இப்படி வாங்குவோமா?

அந்தப் பாட்டிலில் சாய்சதுரமாக ஒரு முத்திரை இருக்கும். அதில் ஒரு முக்கோணத்துக்கு நிறம் பூசியிருப்பார்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் பாருங்கள். சிவப்பு என்றால் மிகக் கொடிய விஷம். மஞ்சள் அதற்கு அடுத்தது. நீலம் நடுத்தரம். பச்சை குறைந்த விஷம். பச்சை என்றாலும் விஷம்தான். பசுமை என்று அர்த்தம் இல்லை. இந்த முத்திரை சும்மா வந்ததில்லை. 1958-ல் கேரளத்தில் பாரத்தியான் கலந்த கோதுமை மாவைத் தின்று நூறு பேருக்கு மேல் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் கமிட்டி போட்டு, 1968-ல் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது, 1971-ல் விதிகள் வந்தன. அந்தப் பாரத்தியானுக்கு நம் பக்கத்துப் பேர் பாலிடாயில். நம் வயதுக்காரர்களுக்கு அந்தப் பேரைக் கேட்டாலே அடிவயிறு கலங்கும்.

பாலிடாயிலைத் தவிர வந்தவற்றையும் நினைத்துப் பாருங்கள். டி.டி.டி. வந்தது. எண்ட்ரின் வந்தது. பி.எச்.சி. பவுடரைத் துணியில் கட்டிச் செடி செடியாகத் தட்டினோம். எண்டோசல்பான் வந்தது. ஒவ்வொன்றும் வந்தபோது "சொன்ன அளவில் போட்டால் ஒன்றும் ஆகாது" என்றுதான் சொன்னார்கள். விவசாயத்துக்கு டி.டி.டி. 1989-ல் நிறுத்தப்பட்டது. எண்ட்ரின் 1990-ல் தடை. பி.எச்.சி. 1997-ல் தடை. காசர்கோட்டில் அரசுத் தோட்டக் கழகத்தின் முந்திரித் தோப்புகள் மேல் 1970-களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்தார்கள். அங்கே பிறந்த பிள்ளைகளின் படங்களைப் பார்த்த பிறகு எனக்கு ஒரு வேளைச் சோறு இறங்கவில்லை. 2011-ல் உச்ச நீதிமன்றம் அதைத் தடுத்தது. பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலா 5 லட்சம் கொடுக்கச் சொல்லி 2017-ல் உத்தரவும் போட்டது. தடை வருகிற தேதிக்கு முந்தின நாள் வரை இவை எல்லாமே 'நல்ல மருந்து' என்றுதான் கடையில் இருந்தன. இன்றைக்குக் கடையில் இருப்பதற்கு மட்டும் யார் பொறுப்பு?

தென்னை வேரில் பை கட்டி ஏற்றுகிறார்களே மோனோகுரோட்டோபாஸ், அதன் கதை இன்னும் பக்கத்தில் இருக்கிறது. சிவப்பு முக்கோணம். காய்கறியில் அடிக்கக் கூடாது என்று 2005-லேயே தடை போட்டார்கள். 2013-ல் பீகாரில் சரண் மாவட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சோற்றில் அது கலந்து 23 பிள்ளைகள் செத்துப்போனார்கள். அதற்கும் பத்து வருஷம் கழித்து, 2023-ல்தான் அதை முடிவுக்குக் கொண்டுவர மத்திய அரசு உத்தரவு போட்டது. அதிலும் இருக்கிற சரக்கை விற்றுத் தீர்க்க அவகாசம் கொடுத்தார்கள். சட்டம் எப்போதும் சாவுக்குப் பின்னால்தான் நடந்து வருகிறது. நாம் ஏன் சட்டத்துக்குப் பின்னால் நடக்க வேண்டும்?

வேரில் கட்டினால் 45 நாள் காய் பறிக்கக் கூடாது என்பது விதி. கட்டியவர் யாராவது நாள்காட்டியில் குறித்து வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? பதினைந்தாம் நாள் மெட்ராஸிலிருந்து பேரப்பிள்ளைகள் வருவார்கள். "தாத்தா வீட்டு இளநி" என்று குதிக்கும். மரத்தில் ஆளை ஏற்றி வெட்டிக் கொடுப்போம். பாட்டில் தண்ணீரில் என்ன கலப்படம் இருக்கிறதோ என்று பயந்துதானே இளநியைக் கொடுக்கிறோம்!

பொட்டிபுரத்தில் நியூட்ரினோ ஆய்வகம் வருகிறது என்றதும் நம் ஊர் எப்படிக் கொதித்தது என்பது உங்களுக்கும் தெரியும். மலைக்கு ஆபத்து, தண்ணீருக்கு ஆபத்து என்று பேசாத டீக்கடை இல்லை. அந்த வழக்கின் நியாய அநியாயத்துக்குள் நான் இப்போது போகவில்லை. ஆனால் மலைக்குள் தோண்டப்போகிற குகைக்கு அவ்வளவு பயந்த நாம், கிணற்றிலிருந்து பத்தடியில் கையாலேயே விஷத்தை ஊற்றுகிறோம். அந்தத் தண்ணீரில்தான் குளிக்கிறோம், பாத்திரம் கழுவுகிறோம்.

மலைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்பதும் நமக்குத் தெரியாததல்ல. விடியுமுன் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு ஏலத்தோட்டத்துக்குப் போகிறது நம் ஊர்ச் சனம்தான். மருந்தடிக்கிற நாளில் சாயங்காலம் திரும்பி வந்தால் சேலையிலும் சட்டையிலும் அந்த வாடை. 2023 ஜனவரியில் சபரிமலை அரவணைப் பாயசத்தின் விற்பனையைக் கேரள உயர் நீதிமன்றம் நிறுத்தியது நினைவிருக்கும். அதில் போட்ட ஏலக்காயைச் சோதித்தால் 14 பூச்சிக்கொல்லிகள் அளவுக்கு மேல் இருந்ததாக அறிக்கை. 6 லட்சத்துக்கும் மேலான டின்கள் முடங்கின. வழக்கு பின்னால் உச்ச நீதிமன்றத்தில் வேறு மாதிரி முடிந்தது, அது வேறு விஷயம். சாமிக்குப் படைத்ததை விற்கலாமா கூடாதா என்று கோர்ட் வரை போனார்கள். அந்த ஏலக்காயைப் பறித்த கையைச் சோதிக்கச் சொல்லி யாரும் கோர்ட்டுக்குப் போகவில்லை.

இனி, எனக்கு வழக்கமாக வருகிற பதில்கள்.

"மருந்தில்லாம மரம் பிழைக்காது சார்." இதைத்தான் முதலில் சொல்வார்கள். 2008-ல் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்தது. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, செம்பருத்தி என்று ஒன்றை விடவில்லை. செடியில் வெள்ளையடித்த மாதிரி அப்பிக்கொண்டது. எதை அடித்தாலும் அந்த மெழுகு மாவைத் தாண்டி உள்ளே இறங்கவில்லை. கடைசியில் 2010-ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து எறும்பைவிடச் சிறிய ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து, பெங்களூரில் சோதித்து, வேளாண் பல்கலைக்கழகம் பெருக்கி வெளியே விட்டது. அந்தக் குளவி மாவுப்பூச்சிக்குள் முட்டையிடும். குஞ்சு உள்ளேயிருந்தே அதைத் தின்றுவிடும். சில மாதத்தில் பூச்சி அடங்கிவிட்டது. பீப்பாய் பீப்பாயாக அடித்த விஷத்தால் முடியாததைக் கண்ணுக்குத் தெரியாத குளவி முடித்தது.

அதற்குப் பிறகு 2016-ல் பொள்ளாச்சியில் தென்னைக்குச் சுருள் வெள்ளை ஈ வந்தது. இப்போது நம் மரங்களிலும் அதுதான். மட்டையின் அடியில் வெள்ளைச் சுருள், கீழ் மட்டையில் கறுப்பாகப் புகை பிடித்த மாதிரிப் பூஞ்சாணம். இதற்கும் என்கார்சியா என்று ஒரு குளவி இருக்கிறது. அது தானாகவே வந்து சேர்கிறது. அதனால்தான், வெள்ளை ஈயைப் பார்த்தவுடன் பூச்சிக்கொல்லி அடிக்காதீர்கள் என்று வேளாண் விஞ்ஞானிகளே சொல்கிறார்கள். அடித்தால் முதலில் சாவது குளவி. ஈ மறுபடி பெருகும். பெருகினால் மறுபடி கடைக்குப் போவோம். கடைக்காரருக்கு இதைவிட நல்ல வியாபாரம் உண்டா?

தென்னையில் கேரள வாடல் நோய் என்று ஒன்று கம்பம் பள்ளத்தாக்கில் இருக்கிறது. மட்டை வளைந்து, மஞ்சளித்து, காய் குறைந்துகொண்டே போகும். அதைக் குணப்படுத்துகிற மருந்து உலகத்திலேயே இல்லை. எரு போட்டு, தண்ணீர் விட்டு மரத்தைத் தாங்கலாம். மோசமாகிவிட்டால் வெட்டி எடுக்கலாம். வேறு வழி கிடையாது. இதற்கு "ஸ்பெஷல் மருந்து" என்று ஒருவர் பாட்டில் நீட்டினால், அவர் உங்கள் பென்ஷனுக்கு வைத்தியம் பார்க்கிறார்.

"இலங்கையில் இயற்கை விவசாயம் என்று போய் நாடே திவாலாகவில்லையா?" என்பது அடுத்த பதில். 2021-ல் உரம், பூச்சிக்கொல்லி இறக்குமதியை ஒரே அடியாக நிறுத்தினார்கள். வெள்ளாமை விழுந்தது. நவம்பரிலேயே பின்வாங்கினார்கள். உண்மைதான். முன்னேற்பாடு இல்லாமல் ஒரு நாட்டின் நெல் வயல் முழுவதையும் ஒரே நாளில் மாற்றச் சொல்வது மடத்தனம். ஆனால் அதே இலங்கையின் இன்னொரு கதையை யாரும் சொல்வதில்லை. 1995-ல் அங்கே லட்சம் பேருக்கு 47 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். அந்த வருஷம் மோனோகுரோட்டோபாஸையும் மெத்தமிடோபாஸையும், 1998-ல் எண்டோசல்பானையும் தடை செய்தார்கள். 2005-க்குள் அந்த எண்ணிக்கை ஏறக்குறையப் பாதியானது. அந்தக் கொடிய விஷங்களை எடுத்ததால் நெல் விளைச்சல் குறையவில்லை என்று ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

இதில் புரியாதது ஒன்றும் இல்லை. கோபமும் அவமானமும் பெரும்பாலும் ஒரு ராத்திரி விஷயம். விடிந்தால் இறங்கிவிடும். அந்த ராத்திரியில் கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. என் பதிவேட்டில் ஒரு பிள்ளை உண்டு. பரீட்சையில் மார்க் குறைந்ததற்கு வீட்டில் ஏசினார்கள். எல்லார் வீட்டிலும் நடக்கிற ஏச்சுதான். அந்த வீட்டுக்கு ஒரு செண்டு வயல் கிடையாது. கொல்லைத் தென்னைக்கு வாங்கியதில் மிச்சம் அரைப் பாட்டில் மாட்டுக்கொட்டகை எரவாணத்தில் செருகியிருந்தது. அவ்வளவுதான். அந்தத் தகப்பன் என்னிடம் வந்து, "சார், மரத்துக்கு வாங்கினது சார்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஏட்டில் எழுத வேண்டிய இரண்டு சொல்லை எழுதினேன். வண்டுக்குப் பயந்து வாங்கிய பாட்டில் வண்டுக்கு மட்டுமே வேலை செய்யும் என்று யாரும் எழுதிக் கொடுப்பதில்லை. மனசு கனத்துக் கிடக்கிற பிள்ளைகளோ பெரியவர்களோ வீட்டில் இருந்தால் உட்கார்ந்து பேசுங்கள். 104-க்குப் போன் செய்தாலும் பேசுவார்கள். முதலில் அந்தப் பாட்டிலை வீட்டைவிட்டு அகற்றுங்கள்.

"இயற்கை வழியெல்லாம் நேரம் பிடிக்கும்" என்பது மூன்றாவது பதில். சிரிப்புத்தான் வருகிறது. ஓய்வு பெற்ற நமக்கு நேரத்தைத் தவிர வேறு என்ன இருக்கிறது? காலையில் பேப்பர் படித்து முடிக்கிற நேரத்தில் நாலு தென்னையையும் சுற்றிப் பார்த்துவிடலாம்.

என்ன செய்வது என்று கேட்கிறவர்களுக்கு, நான் செய்வதைச் சொல்கிறேன்.

தென்னைக்கு வருஷத்துக்கு ஒரு மரத்துக்கு 50 கிலோ மக்கிய தொழு உரம், 5 கிலோ வேப்பம் புண்ணாக்கு. தூரிலிருந்து ஆறடிக்கு வட்டப்பாத்தி. தேங்காய் மட்டையைப் பாத்தியில் புதைத்தால் கோடையில் ஈரம் நிற்கும். காண்டாமிருக வண்டு குருத்தைக் குடைந்தால் வளைந்த கம்பியால் வண்டைக் குத்தி எடுத்துவிட்டு, மணலும் வேப்பங்கொட்டைத் தூளும் கலந்து குருத்து மட்டை இடுக்குகளில் போட வேண்டும். வண்டு பெருகுவது எருக்குழியில். அதை அடிக்கடி கிளறி, வெள்ளைப் புழுக்களைக் கோழிக்குப் போட்டாலே பாதி வேலை முடிந்தது. பானையில் ஆமணக்குப் புண்ணாக்கை ஊறவைத்துத் தோட்டத்து ஓரத்தில் வைத்தால் வண்டு தானாக வந்து விழும்.

வெள்ளை ஈக்கு, விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் தாளை மரத்தில் கட்டலாம். எட்டுகிற மட்டையின் அடிப்புறத்தில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சலாம். கறுப்புப் பூஞ்சாணத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதாவைக் காய்ச்சிப் பசையாக்கித் தெளித்தால், காய்ந்ததும் உரிந்து விழுந்துவிடும்.

காய்கறிச் செடிக்கு வேப்பங்கொட்டை. 50 கிராம் பருப்பை இடித்து, ஒரு லிட்டர் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவைத்து, காலையில் வடிகட்டி, துளி சோப்புக் கரைசல் சேர்த்துச் சாயங்காலம் தெளியுங்கள். இந்த வேம்புக்கு உரிமை கேட்டு அமெரிக்கக் கம்பெனியும் அந்நாட்டு விவசாயத் துறையும் ஐரோப்பாவில் காப்புரிமை வாங்கி வைத்திருந்தன. நம் நாட்டில் காலங்காலமாக இருக்கிற அறிவு இது என்று வாதாடி, 2000-ல் அதை ரத்து செய்ய வைத்தார்கள். 2005-ல் மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. உலகம் சண்டை போட்ட சரக்கு நம் வாசலில் உதிர்ந்து கிடக்கிறது. நாம் அதைக் கூட்டிப் பெருக்கித் தீ வைத்துவிட்டு, கடைக்குப் போகிறோம்.

களைக்கொல்லிக்கு வருகிறேன். வாசல் புல்லுக்குக் கிளைபோசேட் அடிக்கிற வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. பயிற்சி பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டு ஆட்கள் வழியாக மட்டுமே அதைப் பயன்படுத்த வேண்டும் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு அறிவித்தது. நம் தெருவில் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு, செருப்பில்லாமல் நின்று அடிக்கிற கூலிக்காரருக்கு யார் பயிற்சி கொடுத்தது? அடித்த மறுவாரம் என்னென்ன காய்ந்து கிடக்கிறது என்று குனிந்து பாருங்கள். கீழாநெல்லி, தும்பை, குப்பைமேனி, மூக்கிரட்டை. பிறகு நாட்டு மருந்துக்கடையில் கீழாநெல்லிப் பொடி வாங்குகிறோம். மருந்து என்று பேர் வைத்த விஷத்தை அடித்து, உண்மையான மருந்தைக் கொன்றுவிட்டோம். களைக்கொத்தி ஒன்றும் விலை கூடிய ஆயுதம் இல்லை. குனிய முடியாதவர்கள் சருகைப் பரப்பி மூடாக்குப் போடுங்கள், களை அடங்கிவிடும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். 'இயற்கை', 'ஆர்கானிக்' என்று லேபிள் ஒட்டி விற்பதெல்லாம் நல்லது என்று நம்பிவிடாதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத பாட்டிலை எந்தப் பேரில் விற்றாலும் வாங்காதீர்கள். புகையிலைக் கரைசலும் இயற்கைதான். அதுவும் கடும் விஷம். கையில் பட்டாலே தலை சுற்றும். என் சண்டை கம்பெனி விஷத்தோடு மட்டும் இல்லை, விஷத்தோடு.

புரியாத நோய் வந்தால் மட்டையைக் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். காமாட்சிபுரத்தில் வேளாண் அறிவியல் மையம் இருக்கிறது. பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது. பஸ் ஏறினால் போய்விடலாம். விற்பதற்குப் பாட்டில் வைத்திருக்காதவரிடம் கேட்டால்தான் நேரான பதில் கிடைக்கும். வீட்டில் மிச்சம் இருப்பதைச் சாக்கடையிலோ கிணற்றோரத்திலோ ஊற்றவும் வேண்டாம், எரிக்கவும் வேண்டாம். மூடியை இறுக்கி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் பூட்டி வைத்துவிட்டு, எப்படி ஒழிப்பது என்று வேளாண் விரிவாக்க மையத்தில் கேட்டு, உடனே அப்புறப்படுத்துங்கள்.

இவ்வளவும் செய்ய முடியாதவர்கள் ஒன்றே ஒன்று செய்யுங்கள். இன்றிலிருந்து அதற்கு மருந்து என்று பேர் சொல்லாதீர்கள். "தென்னைக்கு விஷம் வைக்கணும், ஒரு ஆள் பார்த்துவிடு" என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கேட்கிற வீட்டம்மாவே "எதுக்கு இந்த வேலை?" என்று தடுத்துவிடுவார்கள்.